மத்தூரைக் காணோம்

அப்பாதான் முதலில் பார்த்தார். மேஜைமேல் நான் பரப்பி வைத்திருந்த, ஊர்வாரியான உறுப்பினர் பட்டியலின் பிரிண்ட்அவுட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டியவர், “ஏம் பாப்பா, மத்தூரைக் காணோமே?” என்றார்.

“இருக்கும், நல்லாப் பாருங்கப்பா.”

இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. மதிகோன்பாளையத்துக்காரர்கள் பெயரெல்லாம் முடிந்த பிறகுதான் மத்தூர் ஆரம்பித்தது. அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்தார். “மத்தூர் வந்துட்டுத்தானே மதிகோன்பாளையம் வரணும்? புள்ளி வெச்சது முதல்ல, உயிர்மெய் அதுக்கப்புறம். யாரு இப்படி அடுக்குனது?”

அடுக்கியது கம்ப்யூட்டரில் நான் எழுதிய ஃபங்ஷன், ஒரு சின்ன புரோகிராம். அந்த வரிசை மாறாமல் எட்டு மாதமாகக் காவல் காத்ததும் நான் எழுதிய டெஸ்ட்தான். ஒவ்வொரு ராத்திரியும் ஓடியது, ஒவ்வொரு காலையும் பாஸ் என்று சொன்னது.

அந்தத் தாள்கள் மேஜைக்கு வந்த காரணமே வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் உறுப்பினர்கள் இருக்கிற ஒரு கூட்டுறவு அமைப்பு எங்கள் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுகிறது என்று அவர்களிடமிருந்து புகார். மூன்று நாளாக நான், ஒரே பதிவு இரண்டு முறை நுழையாமல் தடுக்கிற யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற விதியைப் பார்த்தேன், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தேன், நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கிற லாக் ஃபைல் முழுவதும் படித்தேன். தாளில் இருக்கிற வரிசையை மட்டும் பார்க்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் கையில் எடுத்துப் போகிறார்கள். ம வரிசையில் மத்தூரைத் தேடியிருக்கிறார்கள், மதிகோன்பாளையம் வந்துவிட்டது, சரி மத்தூர் இதில் இல்லை போலிருக்கிறது என்று புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் அதை வாங்கி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். தமிழ் அகராதி பார்க்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் தேடுவார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் டீம் பெங்களூரில். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரை எடுத்து, அதோடு நாங்கள் எழுதிய கூடுதல் வசதிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், சிலவற்றைச் சேர்த்து, வாடிக்கையாளர்களுக்கு நிறுவித் தருகிறோம். பெரும்பாலும் மதிகோன்பாளையத்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு முறை விடியற்காலை பஸ் பிடித்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் ராத்திரி திரும்பிவிடுவேன். என் பொறுப்பு ரிக்ரெஷன் டெஸ்ட். நேற்று வரை சரியாக நடந்த ஒன்று, இன்று யாரோ ஒரு மாற்றம் செய்ததால் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது.

போஸ்ட்கிரெஸில் இதற்கு இருக்கிற ஏற்பாடு ரொம்ப எளிமையானது. எனக்கு அது பிடிக்கும். ஒரு ஃபோல்டரில், டேட்டாபேஸிடம் கேட்கிற மொழியான எஸ்கியூஎல்லில் கட்டளைகள் எழுதிய ஃபைல்கள். பக்கத்தில் எக்ஸ்பெக்டட் என்று இன்னொரு ஃபோல்டர். அந்தக் கட்டளைகளை ஓட்டினால் திரையில் என்ன வரவேண்டுமோ அது எழுத்து மாறாமல் அதில் இருக்கும். பிஜி ரிக்ரெஸ் என்கிற புரோகிராம் கட்டளைகளை ஓட்டி, வந்ததை ரிசல்ட்ஸ் என்ற மூன்றாவது ஃபோல்டரில் போட்டு, இரண்டையும், வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டுகிற டிஃப் என்ற கருவி கொண்டு ஒப்பிடும். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் ஃபெயில். அவ்வளவுதான். சரியா தப்பா என்பது அதற்குத் தெரியாது. எழுதி வைத்ததும் வந்ததும் ஒன்றா என்பது மட்டும்தான் தெரியும்.

சர்வரின் மூல நிரலான சோர்ஸை எடுத்து மேக் செக் என்று அடித்தால், தற்காலிகமாக ஒரு சர்வரை அதுவே உருவாக்கி, இருநூற்றுக்கு மேற்பட்ட டெஸ்டுகளைக் குழுக் குழுவாக, ஒரு குழுவில் அதிகபட்சம் 20 வரை, ஒரே சமயத்தில் ஓட்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக உட்கார்ந்து ஓட்டினால் ஓடாது, சாதாரண யூசராக ஓட்ட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்மேல் ஓட்ட வேண்டுமென்றால் மேக் இன்ஸ்டால்செக். எங்களைப் போல வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கு முதல் வழி இல்லை. மேக் செக் அடித்தால், அது முடியாது, முதலில் இன்ஸ்டால் செய்துவிட்டு இன்ஸ்டால்செக் ஓட்டு என்று சொல்லிவிடும். அதாவது எந்த சர்வர்மேல் ஓட்டுகிறோம், அதை எப்படி உருவாக்கினோம் என்பது நம் பொறுப்பு. நான் வழுக்கிய இடங்களில் இது ஒன்று.

போஸ்ட்கிரெஸின் பழைய டெஸ்ட் டேட்டாவை நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறேன். ஊழியர் டேபிளில் ஷாரன், சாம், பில் என்று மூன்றே பேர். சாலைகள் டேபிளில் கலிஃபோர்னியாவின் தெருக்கள். நகரங்கள் டேபிளில் ஓக்லண்டும் பெர்க்லியும் இருக்கின்றன. அது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்திலிருந்து வந்த சர்வர் என்பதை அந்த டேட்டாவே சொல்கிறது. தங்களைச் சுற்றி இருந்த ஊரையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் என் டெஸ்டில் நம் ஊர்களைப் போட்டேன். அஞ்செட்டி, அதியமான்கோட்டை, அரூர், இண்டூர், ஊத்தங்கரை, ஏரியூர், ஓசூர் என்று ஆரம்பித்து 37 பெயர். தட்டச்சு செய்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். டெஸ்டை ஓட்டினேன். எக்ஸ்பெக்டட் ஃபைல் இன்னும் இல்லாததால் ஃபெயில் ஆனது. ரிசல்ட்ஸில் வந்திருந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். 37 வரி இருந்தது, அ-வில் தொடங்கி வரிசையாகப் போனது. அப்படியே எக்ஸ்பெக்டட் ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். மறுபடி ஓட்டினேன், பாஸ். டீமின் பொதுப் பிரதியில் பதிவு செய்து, அதாவது கமிட் செய்துவிட்டு எழுந்து போனேன்.

இந்த வேலையில் இருக்கிற எல்லாருமே இப்படிச் செய்கிறோம். மையெஸ்கியூஎல், மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸ்கள் பக்கம் இதற்கென்றே ரெக்கார்ட் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, ஓட்டும்போதே வந்ததை எழுதிக்கொள்ளும். அதில் தப்பில்லை, 500 வரி வெளியீட்டைக் கையால் அடிக்க முடியாது. ஆனால் காப்பி செய்கிற அந்த நிமிடத்தில், “சர்வர் சொன்னது இது” என்பது “சர்வர் சொல்லவேண்டியது இது” என்று மாறிவிடுகிறது. அதன் பிறகு யாராவது ஒருவர் அந்தப் பிழையைச் சரிசெய்ய வந்தால்கூட டெஸ்ட் அவரைத்தான் பிடிக்கும். நீ கெடுத்துவிட்டாய் என்று அவரிடம் சொல்லும். எட்டு மாதமாக என் டெஸ்ட் அந்த நிலையில்தான் இருந்தது.

அப்பா தாளைப் பார்த்த அன்று ராத்திரி எக்ஸ்பெக்டட் ஃபைலைத் திறந்து மத்தூரைக் கையால் மேலே நகர்த்தினேன். ஓட்டினேன். டிஃப் இப்படி வந்தது:

-மத்தூர்
 மதிகோன்பாளையம்
+மத்தூர்
 மாரண்டஹள்ளி
 மொரப்பூர்

கழித்தல் குறி போட்டது நான் எதிர்பார்த்த இடம். கூட்டல் குறி போட்டது சர்வர் தந்த இடம். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த டெஸ்ட் சிவப்பாக ஆனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏன் அப்படி வருகிறது? யூனிகோடில் த-வுக்கு ஒரு எண் இருக்கிறது, இகரக் கொக்கிக்கு ஒரு எண், புள்ளிக்கு ஒரு எண். மதி என்பது ம, த, கொக்கி. மத் என்பது ம, த, புள்ளி. கொக்கியின் எண் 3007. புள்ளியின் எண் 3021. எண் சிறியது முதலில் என்று அடுக்கினால் கொக்கி முந்திவிடும். தமிழில் மெய்யெழுத்து தனி எழுத்து, அது உயிர்மெய்க்கு முன்னால் வரவேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. த-வுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு குறி என்ற அளவில்தான் புள்ளிக்கு அங்கே இடம்.

இப்படி எண் பார்த்து அடுக்கும் முறையை சி லொக்கேல் என்போம். எங்கள் சர்வர்கள் எல்லாமே அதில்தான் உருவாக்கப்பட்டிருந்தன. அதற்கும் ஒரு காரணம் உண்டு. லினக்ஸில் எழுத்து வரிசையைத் தீர்மானிப்பது ஜிலிப்சி என்ற நூலகம். 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. சர்வரில் இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் அட்டவணை, பழைய வரிசையில் கட்டப்பட்டிருக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் மேம்படுத்தியதும் தேடுவது புதிய வரிசையில் நடக்கும். டேபிளில் இருக்கிற ரோ, அதாவது ஒரு பதிவு, கண்ணுக்குத் தெரியாமல் போகும், யூனிக் இண்டெக்ஸ் இருந்தும் டூப்ளிகேட் நுழையும். எங்கள் டீமும் அதில் ஒருமுறை அடிபட்டது. இனி எல்லாம் சி லொக்கேல், அதில் வரிசை எந்தக் காலத்திலும் மாறாது என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவுதான். ஆங்கிலப் பெயர்களுக்கும் பில் எண்களுக்கும் அதில் சங்கடம் வரவில்லை. தமிழ்ப் பட்டியலை அச்சடித்து ஒருவர் கையில் கொடுக்கும்போது என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான், ஏனென்றால் அந்த அறையில் தமிழில் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் 37 பெயரையும் தாறுமாறாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நீங்கள் அடுக்கித் தாருங்கள் என்றேன். கம்ப்யூட்டர் பட்டியலைக் காட்டவில்லை. அப்பா 31 வருடம் ஊர்ப்புற நூலகராக இருந்தவர். புத்தகக் கார்டுகளை எழுதி, அகர வரிசையில் அடுக்கி, மரப்பெட்டியில் கம்பி கோர்த்து வைப்பது அவருக்குக் கைப்பழக்கம். தாளை வாங்கியவர் நேராக எழுத ஆரம்பிக்கவில்லை. காலண்டர் அட்டையை வெட்டி 37 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஊர் எழுதி, கூடத்துத் தரையில் பரப்பினார். முதல் எழுத்துப்படி குவியல் போட்டார். குவியலுக்குள் இரண்டாம் எழுத்து. ப குவியலில் ஒரு நிமிடம் கை நின்றது. பெரும்பாலை அட்டையை எடுத்துப் பென்னாகரத்துக்கு முன்னால் வைத்தார்.

“ன கடைசி எழுத்தும்மா. ர-வுக்குப் பின்னாடிதான் வரும்.”

நான் டெர்மினலில் பார்த்தேன். எண்படி ன 2985, ர 2992. சர்வர் பென்னாகரத்தை முதலில் வைத்திருந்தது. இன்னொரு பிழை. புள்ளியை மட்டும் சரிசெய்திருந்தால் இது அப்படியே தங்கியிருக்கும். மூன்றாவதாக ஜக்கசமுத்திரம். சர்வர் அதைச் சூளகிரிக்கு அடுத்து வைத்திருந்தது. அப்பா அதை எல்லாவற்றுக்கும் கடைசியில், வேப்பனப்பள்ளிக்கும் பின்னால் வைத்தார். “கிரந்தம் கடைசியில” என்றார். ஒருமுறைகூட எழுத்து வரிசையைச் சொல்லிப் பார்க்கவில்லை அவர், கையே தானாகப் போனது.

அந்தத் தரையில் இருந்த வரிசையைப் பார்த்து எக்ஸ்பெக்டட் ஃபைலை நானே தட்டச்சு செய்தேன், 37 வரி. அதை முதலில் கமிட் செய்தேன். அதன் பிறகுதான் ஃபங்ஷனைத் தொட்டேன்.

மருந்து தயாராகவே இருந்தது. போஸ்ட்கிரெஸில் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம். தமிழுக்கென்றே ஒரு கொலேஷன், அதாவது வரிசை விதித் தொகுப்பு, அதில் உண்டு. டேட்டாபேஸ் முழுவதும் சி லொக்கேலிலேயே இருக்கட்டும், பட்டியல் தருகிற கட்டளையில், வரிசைப்படுத்தச் சொல்லும் அந்த ஒரு ஆர்டர் பை-யில் மட்டும் தமிழ்க் கொலேஷனைச் சொன்னால் போதும். ஒரு வரி மாற்றம். ஓட்டினேன். டிஃப் எதுவும் வரவில்லை. அப்பாவின் அட்டைகளும் சர்வரும் 37 இடத்திலும் ஒத்துப்போயின. முந்தின நாள் வரை நான் பார்த்த பாஸும் இந்தப் பாஸும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆனால் முதல் பாஸை நான் சர்வரிடமே கேட்டு எழுதினேன், இரண்டாவது பாஸ் சர்வரைப் பார்க்காத ஒருவர் சொன்னதை வைத்து வந்தது.

டீமில் இந்த மாற்றத்தை, பேட்ச் என்போம், அனுப்பியபோது ஒரு விவாதம் வந்தது. ஐசியு இல்லாமல் கட்டிய சர்வரில் இந்த டெஸ்ட் ஃபெயில் ஆகுமே, என்ன செய்வது? 16-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு இயல்பாகவே சேர்ந்துவருகிறது, ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிக் கட்டுகிறவர்கள் உண்டு. ஒரு டெஸ்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்பெக்டட் ஃபைல் வைக்கலாம். பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் எண்ணும் போட்டு வைத்தால், எது பொருந்தினாலும் பாஸ். பழைய வரிசையை அப்படி இரண்டாவது ஃபைலாக வைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எது பொருந்தினாலும் பாஸ் என்றால், ஐசியு இருக்கிற சர்வரில் யாராவது அந்தக் கொலேஷனை மறதியாக எடுத்துவிட்டாலும் பாஸ்தான். பிழைக்கு நாமே கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக டெஸ்டின் தொடக்கத்திலேயே தமிழ்க் கொலேஷன் இருக்கிறதா, எழுத்துகளைச் சேமிக்கும் முறையான என்கோடிங் யுடிஎஃப்-8 தானா என்று கேட்டு, இல்லையென்றால் அங்கேயே வெளியேறும்படி எழுதினேன். போஸ்ட்கிரெஸின் சொந்த ஐசியு டெஸ்டும் இப்படித்தான் செய்கிறது. இரண்டாவது எக்ஸ்பெக்டட் ஃபைலில் இப்போது இருப்பது அந்த வெளியேற்றம் மட்டும். அதில் ஊர்ப்பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

வரிசை சரியான பிறகும் டூப்ளிகேட்டுகள் முழுவதுமாக நிற்கவில்லை. மிச்சம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் போச்சம்பள்ளி, போளுப்பள்ளி, பாலக்கோடு மாதிரிப் பெயர்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு போச்சம்பள்ளி. யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இரண்டையும் உள்ளே விட்டிருந்தது. பைட்டுகளை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது. இன்னொன்றில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக இருக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றியபோது அப்படி வந்திருக்கிறது. திரை இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைகிறது. சர்வருக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இதற்கும் வழி இருக்கிறது, 13-ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் ஃபங்ஷன் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். உள்ளே நுழையும்போதே நார்மலைஸ் செய்யப்பட்டதா என்று சோதிக்கும் விதி, செக் கன்ஸ்ட்ரெயின்ட், போட்டோம்.

இதற்கு டெஸ்ட் எழுதும்போது கவனமாக இருக்க வேண்டியிருந்தது. சேர்ந்த போச்சம்பள்ளியையும் பிரிந்த போச்சம்பள்ளியையும் டெஸ்ட் ஃபைலில் நேரடியாக அடித்து வைத்தால், நாளை யாராவது ஃபைலைத் திறந்து சேமிக்கும்போது அவர் எடிட்டர் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். படிக்கிறவருக்கும் எது எது என்று தெரியாது. அதனால் யூனிகோடு எண்களைக் கொண்டே அந்தச் சொல்லைக் கட்டினேன். தருமபுரியையும் அதே ஃபைலில் அளந்து வைத்திருக்கிறேன். நமக்கு அது ஐந்து எழுத்து. போஸ்ட்கிரெஸின் நீளக் கணக்கில் 8. பைட் கணக்கில் 24. நீளக் கணக்கில் 20-க்கு மேல் ஏற்காத ஒரு டேபிள் பத்தி, தமிழ்ப் பெயரை எந்த அளவு வரை ஏற்கும் என்பது இதைப் பார்த்தால்தான் புரியும்.

ஊர்ப்பெயர் டெஸ்ட் தவிர மற்றவை பற்றிச் சுருக்கமாக. சில டெஸ்டுகள் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்று ஆடும். எங்களிடம் ஆடியவற்றில் நான் பிரித்துப் பார்த்த முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், ஆர்டர் பை போடாமல் எழுதியது. போஸ்ட்கிரெஸ் ஒரு ரோவை அப்டேட் செய்யும்போது பழையதன்மேல் எழுதாது, புதிய பிரதியை வேறு இடத்தில் எழுதும். காலியான பழைய இடத்தை, சர்வர் தானாக ஓட்டுகிற துப்புரவு வேலையான ஆட்டோவேக்யூம் எப்போது வந்து துடைக்கிறதோ அதைப் பொறுத்து அடுத்த ரோ எங்கே உட்காரும் என்பது மாறும். வரிசை கேட்காதவருக்கு வரிசை தருவதாகச் சர்வர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இப்படி ஆடுகிற டெஸ்டில் நடுவே இரண்டு செகண்ட் ஸ்லீப் போட்டு நிறுத்தப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஸ்லீப் எதையும் சரிசெய்யாது. வேகமான மெஷினில் நேரம் வீண், மெதுவான மெஷினில் அதுவும் பற்றாது.

சர்வரோடு பேசுகிற இரண்டு இணைப்பு, அதாவது செஷன், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் டெட்லாக் மாதிரியான விஷயங்களுக்கு ஐசொலேஷன் டெஸ்டர் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. யார் எந்தப் படியை எப்போது செய்யவேண்டும் என்று வரிசைப்படுத்தி எழுதலாம். ஒரு படி இன்னொரு செஷன் போட்ட பூட்டில், அதாவது லாக்கில், மாட்டிக் காத்திருந்தால் காத்திருக்கிறது என்று அதுவே வெளியீட்டில் எழுதும். டெட்லாக்கில் யாரைச் சர்வர் வெளியேற்றும் என்பதும் ஆடக்கூடியதுதான். அதனால் ஒரு செஷனுக்கு மட்டும், டெட்லாக்கா என்று சோதிக்கும் முன் காத்திருக்கும் நேரமான டெட்லாக் டைம்அவுட்டை 10 மில்லிசெகண்டாகவும் மற்றதற்கு 100 செகண்டாகவும் வைப்பேன். அப்போது எந்த மெஷினிலும் எப்போதும் ஒரே ஆள்தான் வெளியேறுவார்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும், அதைக்கூட முன்னதாகவே சொல்லிவிடுவார்கள். கோடை மழையில் சொல்லாமல் போவதுதான் கஷ்டம். ஒரு நாள் யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டு, டெஸ்ட் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோதே மெஷின் அணைந்துவிட்டது. டெஸ்டுக்காக உருவாகும் தற்காலிக சர்வர், டிஸ்கில் பத்திரமாக எழுதி முடித்ததை உறுதி செய்யும் எஃப்சிங்க்கை நிறுத்திவிட்டுத்தான் ஓடுகிறது, வேகத்துக்காக. எனவே கரண்ட் போனால் அந்த ஃபோல்டரில் மிச்சமிருப்பதை நம்பக்கூடாது. அப்படியே அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டவேண்டும். வேகமாக இருக்கிறதே என்று உண்மையான டேட்டா இருக்கிற சர்வரில் எஃப்சிங்க்கை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மறுபடி ஊர்ப்பெயருக்கு வருகிறேன். ஐசியு நூலகமும் பதிப்பு மாறும், விதிகள் மாறலாம். 2018-இல் ஜிலிப்சியில் பட்டது போதும். பட்டியலுக்காகத் தமிழ்க் கொலேஷனில் ஒரு இண்டெக்ஸ் கட்டியிருக்கிறோம், அதனால் ஏம்செக் என்ற எக்ஸ்டென்ஷனைக் கொண்டு அந்த இண்டெக்ஸ் உண்மையில் வரிசையில்தான் இருக்கிறதா என்று மேம்படுத்தலுக்குப் பின் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறோம். போன மாதம் புது மெஷினுக்கு மாறியபோது ஊர்ப்பெயர் டெஸ்டைத்தான் முதலில் ஓட்டினேன். அப்பா கதவருகில் நின்று, “மத்தூர் மேல இருக்கா?” என்றார். இருந்தது.

இப்போது பட்டியலில் 38-ஆவது பெயர் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரின் பெயரே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது, தருமபுரி என்றும் தர்மபுரி என்றும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அதற்கு முந்தைய பதிவுகளில் மத்தூர்க்காரர்களும் போச்சம்பள்ளிக்காரர்களும்கூட இந்த இரண்டில் ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலோடுதான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊர்தான் என்பதை எந்தக் கொலேஷனாலும் சொல்ல முடியாது, நார்மலைஸாலும் முடியாது. கூட்டுறவு ஆபீஸில் ஆள் வைத்துத் தீர்மானிக்கும் வரை அவை இரண்டாகத்தான் இருக்க வேண்டும், சர்வர் தானாக எதையும் ஒட்டிவிடக்கூடாது. அப்பாவிடம் இரண்டையும் காட்டி எது முதலில் என்று கேட்டேன். யோசிக்காமல் புள்ளி வைத்ததைத் தொட்டார். தர்மபுரி, தருமபுரி என்று இந்த வரிசையில் இரண்டு வரி, அதற்கு மேலே ஏன் இரண்டு என்று ஒரு கமென்ட், எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு இன்று காலை ஓட்டினேன். இரண்டு வரி வந்தது, அதே வரிசையில்.